ஓரத்தின் வயது

எண் திரையில் வந்ததும் நான் முதலில் கருவியைத்தான் திட்டினேன். மனிதர்களைத் திட்டுவதற்கு முன் கருவியைத் திட்டுவது எங்கள் ஆய்வகத்தில் ஒரு மரியாதை.

கல்லின் வயது ஐம்பத்து நான்கு கோடி வருடம் என்று வர வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரம் என்று வந்திருந்தது. மறுபடி ஓட்டினேன். எட்டாயிரத்து எழுநூறு. வேறொரு துகளை வைத்து ஓட்டினேன். ஒன்பதாயிரத்து நூறு. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

"கண்ணுச்சாமிண்ணா, கொஞ்சம் இங்கே வாங்க. பம்ப் ஏதாவது மக்கர் பண்ணுதா?"

"இல்லீங்களே மேடம். காத்தாலதானுங்க பாத்தேன். வேக்குவம் எல்லாம் சுத்தமா நிக்குதுங்க."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருபத்தாறு வருடமாக அந்தக் கருவியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பம்ப் மாற்றி வைத்திருப்பவர் கண்ணுச்சாமி. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னைக் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னவர். குடியிருப்பது எங்களுக்குக் கீழே, முந்நூறு மீட்டர் ஆழத்தில், நிழலூர் ஏழாவது தெருவில்.

வெயில் காலம் என்பது பங்குனியில் தொடங்கி ஆவணியில் முடியும் என்றான பிறகு கட்டிய ஊர் அது. கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையில், கருங்கல்லைக் குடைந்து இறக்கிய பன்னிரண்டு தெருக்கள். அறுபத்திரண்டாயிரம் பேர். மேலே ஐம்பத்திரண்டு டிகிரி கொளுத்தும்போது கீழே போர்வை போர்த்திக்கொண்டு தூங்கலாம். இப்படிக் குடைந்த ஊரைத் திறப்பதற்கு அரசாங்கம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அந்தக் கல் ஐம்பது கோடி வருடங்களாகச் சூடாகவோ நகரவோ இல்லை என்று சான்றிதழ் வேண்டும். நிழலூருக்கு அந்தச் சான்றிதழைக் கொடுத்தது நான்தான். மரகதவல்லி என்று முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதினொரு வருடமாகிறது.

இப்போது ஊரின் இரண்டாம் கட்டம் வெட்டி முடித்திருந்தார்கள். புதுச் சுரங்கத்திலிருந்து கல் வந்தது. சம்பிரதாயத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"என்னங்க மேடம், மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"வயசு தப்பா வருதுண்ணா."

"இருவத்தாறு வருசமா இதத் தொடைக்கிறேன். உள்ள அது என்னத்த எண்ணுதுன்னு ஒருநாளும் நீங்க ஒழுங்காச் சொன்னதில்லீங்க."

உண்மைதான். எனக்கே வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

"பழைய வீட்டுச் சுவத்துக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பாங்க இல்ல? ஓரத்துல பேந்து வந்தா எத்தனை பூச்சுன்னு எண்ணலாம். கல்லுக்குள்ள இருக்கற இந்தத் துகளும் அப்படித்தான். கல்லு பூமிக்குள்ள போய்ச் சூடாகி, நசுங்கி, வேற கல்லா உருமாறும்போதெல்லாம் துகளோட ஓரத்துல ஒரு பூச்சு புதுசா வளரும். ஒவ்வொரு பூச்சுலயும் கொஞ்சம் யுரேனியம் இருக்கும். அது வருஷம் போகப் போக ஈயமா மாறும். கருவி அந்த ஈயத்தை எண்ணுது. ஈயம் எவ்வளவு அதிகமோ வயசு அவ்வளவு அதிகம்."

"சரிங்க."

"இந்தத் துகளோட நடு, இருநூத்தம்பது கோடி வருஷம். அதுக்கு மேல ஒரு பூச்சு, ஐம்பத்து நாலு கோடி. அப்பத்தான் ரெண்டு கண்டம் வந்து இங்க முட்டுச்சு. நடுவுல இருந்த கடல் மூடிக்கிச்சு. பெரிய மலைத்தொடரே எழுந்து, அப்புறம் தேய்ஞ்சு போச்சு. அந்த ரெண்டு கண்டத்தோட ஓரமும் ஒட்டின கோட்டை நாங்க தையல்னு சொல்லுவோம். உங்க ஏழாவது தெருவுக்குப் பின்னாலதான் ஓடுது."

"அது செத்த தையலுன்னுதானுங்களே சொன்னாங்க."

"நான்தான் சொன்னேன். இன்னைக்குப் பாத்தா, எல்லாத்துக்கும் மேல, தலைமுடியில நூத்துல ஒரு பங்கு கனத்துல இன்னொரு பூச்சு இருக்கு. அதுக்கு வயசு ஒன்பதாயிரம்தான். அப்போ அங்கே ஏதோ அசைஞ்சிருக்கு. சூடா ஏதோ ஏறியிருக்கு. கல்லுக்கு ஒன்பதாயிரம் வருஷம்னா நேத்து சாயங்காலம் மாதிரி."

கண்ணுச்சாமி தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எங்கூட்டுப் பின்சுவரு இப்பெல்லாம் வெதுவெதுன்னு இருக்குதுங்க மேடம். துணியப் போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சு போகுது. எம் பொஞ்சாதிக்கு அதுல ஒரே சந்தோசம்."

எனக்கு வந்த பயத்தை அவரிடம் காட்டிக்கொள்ளாமல் திரையை அணைத்தேன்.

மறுநாள் காலை நிழலூர் வாரியத்தின் இயக்குநர் செங்கோட்டுவேல் நேரில் வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது. சத்தம் போடாத மனிதர். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு எண் இருக்கு மேடம். ஒண்ணு பதினொரு வருஷம் முன்னாடி நீங்க கையெழுத்துப் போட்டது. இன்னொண்ணு நேத்து வந்தது. எது தப்பு?"

"பழசுதான் சார் தப்புன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க."

"ஆமா."

"இது மாசி. வெளியே இப்பவே நாப்பத்தாறு டிகிரி. பங்குனி பாதியில அனல் ஆரம்பிச்சிடும். அறுபத்திரண்டாயிரம் பேரை நான் எங்கே கொண்டுபோய் வைக்கட்டும்? தகரக் கொட்டகையிலயா? ஒரு கோடைக்கு எத்தனை பேர் போவாங்கன்னு என்னால இப்பவே சொல்ல முடியும். உங்க தையல் எப்ப விடும், அதைச் சொல்லுங்க."

"தெரியாது சார். நாளைக்கு விடலாம். இருநூறு வருஷம் கழிச்சும் விடலாம்."

"இது ஒரு பதிலா?"

"கல்லு இவ்வளவுதான் சொல்லும்."

அவர் ஜன்னல் பக்கம் போனார். கண்ணாடியைத் தொட்டுவிட்டு விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"என் பொண்ணு ரெண்டாவது தெரு ஸ்கூல்லதான் படிக்கிறா. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. பழைய எண் எப்படித் தப்பாச்சுன்னு காட்டுங்க. காரணம் தெரிஞ்சா நான் ஊரைக் காலி பண்றேன், என் தலை போனாலும் பரவாயில்ல. காரணம் இல்லாம ஒரு ஊரை வெயில்ல நிறுத்த முடியாது. காட்ட முடியலைன்னா பழைய சான்றிதழ் நிக்கும். வியாழக்கிழமை ரெண்டாம் கட்டம் திறக்கறாங்க."

அன்று திங்கட்கிழமை.

அவர் போனதும் பழைய வில்லையைத் தேடி எடுத்தேன். பொத்தான் அளவு பிசின் வில்லை. அதில்தான் துகள்களைப் பதித்து வழவழவென்று தேய்த்து, கருவிக்குள் வைப்போம். பதினொரு வருடமாகப் பெட்டியில் இருந்தது. அதையே மீண்டும் ஓட்டினேன். ஓரத்தின் வயது, அன்று வந்ததுபோலவே, ஒருமுறை நாற்பத்தெட்டு கோடி, ஒருமுறை அறுபது, ஒருமுறை ஐம்பத்து நான்கு. பழைய நோட்டைப் புரட்டினேன். இப்படி முன்னும் பின்னும் ஆடிய எண்களை அன்று நான் சராசரி போட்டிருக்கிறேன். ஐம்பத்து நான்கு கோடி வந்ததும், உள்ளே இருக்கும் பூச்சின் வயதோடு ஒத்துப்போகிறது என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன். இரண்டு கோடுகள்.

ஒரு நல்ல மாணவன் இப்படிச் செய்திருந்தால் நோட்டைத் தூக்கி அவன் மேலேயே எறிந்திருப்பேன்.

அடுத்து, அன்று செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். ஈயத்தில் நான்கு வகை உண்டு. அதில் ஒரு வகை யுரேனியத்திலிருந்து பிறக்கவே பிறக்காது. அது தென்பட்டால் அந்நிய ஈயம் கலந்திருக்கிறது என்று பொருள். பழைய கல்லுக்கு அதைப் பார்க்க வேண்டியதில்லை என்பது எங்களிடையே ஒரு வழக்கம், அதில் ஈயம் நிறைய இருப்பதால் கொஞ்சம் கலந்தாலும் ஒன்றும் ஆகாது. பழையது என்று நானே முன்கூட்டி முடிவு செய்துவிட்ட கல் இது. அந்த வகையை எண்ணச் சொல்லிக் கருவியை முடுக்கினேன். நிமிடத்தில் திரை நிரம்பியது. மெல்லிய ஓரம் முழுக்க அந்நிய ஈயம்.

"எங்கிருந்துங்க வந்திருக்கும்?" என்றார் கண்ணுச்சாமி.

"கல்லோடயே வந்திருந்தா கமிட்டி போட்டு ரெண்டு வருஷம் பேசுவாங்க. நம்ம ஆய்வகத்துல ஒட்டியிருந்தா சான்றிதழ் செல்லாது, அன்னைக்கே முடிஞ்சது. எந்த ஈயம்னு கண்டுபிடிக்கணும்ணா. கல்லு வைக்காம ஓட்டற பிளாங்க் ஓட்டம் சுத்தமா வந்திருக்கு, ஆனா அது புதன்கிழமை ஓட்டினது. கல்லை ஓட்டினது வெள்ளிக்கிழமை. நடுவுல ஒருநாள் கருவியைத் தொடவே இல்லை. ஏன் தொடல?"

கண்ணுச்சாமி நோட்டில் தேதியைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அன்னைக்கு ஆயுத பூசைங்க மேடம்."

ஆயுத பூஜையன்று எங்கள் ஆய்வகத்தில் கருவிகளைத் தொடுவதில்லை. கண்ணுச்சாமி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை கொடுப்பார். மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் நல்ல காரியத்தைத் தொடங்க வேண்டும் என்று, அந்த வருடம் முதல் ஓட்டத்துக்கு நிழலூர்க் கல்லைத்தான் வைத்தோம்.

"குங்குமத்துல ஈயம் இருக்குமுங்களா?"

"கடைக் குங்குமத்துல இருக்கும். நெறத்துக்காகச் செந்தூரம் கலப்பாங்க. அது அப்பட்டமான ஈயம்."

அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மீண்டும் எழுந்தார்.

"நாந்தானுங்க வெச்சேன். கதவு மேலயும், கைப்பிடியிலயும். இந்தக் கையிலதானுங்க." கையை என் முன் நீட்டினார், நேற்றுத்தான் வைத்தது போல. "அறுவதாயிரம் சனத்த நாந்தானுங்களா உள்ள அனுப்பிச்சுட்டேன்? நான் எழுதிக் கொடுத்தர்றேன் மேடம். எனக்கென்னங்க, இன்னும் எட்டு மாசத்துல ரிட்டயர்டு. உங்க பேரு கெடக்கூடாதுங்க."

"வெறும் எழுத்து செல்லாதுண்ணா. ஈயத்துக்கும் ஊர் உண்டு. பேச்சை வெச்சு இவர் எந்த ஊருன்னு சொல்றோம் இல்ல? அந்த மாதிரி, நாலு வகையும் கலந்திருக்கற அளவை வெச்சு எந்த ஈயம்னு சொல்லிடலாம். குங்குமம் கிடைச்சாத்தான் நிரூபிக்க முடியும்."

"எங்கூட்டுல இருக்குதுங்க. எப்பவும் ஒரே குங்குமந்தான்."

செவ்வாய்க்கிழமை காலை அவரோடு கீழே இறங்கினேன். லிஃப்ட் கதவு திறந்ததும் குளிர்ச்சி முகத்தில் தடவியது. தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பூ விற்றுக்கொண்டிருந்தாள். ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "வாங்க மேடம், உங்க புண்ணியத்துலதான் இருக்கறோம்" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

கண்ணுச்சாமியின் மனைவி சாமியாத்தாள் ஒல்லியான பெண்மணி. மேலே இருந்தபோது இரண்டு முறை வெயில் தாக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இந்தப் பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் மேலே வந்ததில்லை என்று கண்ணுச்சாமி சொல்லியிருக்கிறார்.

"வா கண்ணு, உக்காரு. மோரு குடி. இந்தச் செவுத்தத் தொட்டுப் பாரு, அடுப்பே வேண்டாம்போல இருக்குது. தயிருகூட இங்க வெச்சாத்தான் நல்லா உறையுது."

தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரரின் நெற்றிபோல் இருந்தது. சுவரின் கீழே ஒரு விரிசலில் தண்ணீர் கசிந்து, வெள்ளையாய் உப்புப் படிந்திருந்தது. கையை எடுக்கவும் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பயமாக இருந்தது.

கண்ணுச்சாமி குங்குமம் கேட்டதும் சாமியாத்தாள் பித்தளைச் சம்படத்தைக் கொண்டுவந்தார்.

"இது கடையில வாங்கினதுங்களா?" என்று கேட்டேன்.

"கடையிலயா? அத எவ நெத்தியில வைப்பா, அரிச்சுக்கும். மஞ்சளும் படிகாரமும் எலுமிச்சம்பழச் சாறும் வெங்காரமும் போட்டு நானே செய்யறது கண்ணு. கல்யாணமான நாளா இதேதான். உங்க மிசினுக்கும் இதுலதான் கொடுத்து உடுவேன்."

என் நெற்றியைப் பார்த்தார். வைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று யோசித்தவர், ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்.

மேலே வந்து சோதித்தேன். மஞ்சள், படிகாரம், வெங்காரம். ஈயம் துளிகூட இல்லை. பயத்தில் மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் இல்லை.

"சாமி காப்பாத்துச்சு" என்று கண்ணுச்சாமி சுவரில் சாய்ந்து அழுதே விட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எங்கிருந்துதானுங்க வந்துது?" என்றார்.

"தெரியலண்ணா. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன்.

பொய். எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை மறந்திருந்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். மறக்கவில்லை. அந்தப் பக்கம் நினைப்பை விடாமல் பதினொரு வருடம் ஓட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த வருடம் சித்திரையில் என் கணவர் இளம்பரிதி இறந்துபோனார். நில அளவையாளர். திறந்த வெளி வெயிலில் அளவுக் கம்பத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காலை பதினொரு மணிதான் ஆகியிருந்தது. நாங்கள் கல்யாணமான புதிதில் ஒரு தேர்த் திருவிழாக் கடையில் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த குங்குமச் சிமிழ் என் கைப்பையிலேயே கிடந்தது. வைத்துக்கொள்ளவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

நான் சாமி கும்பிடாதவள். கண்ணுச்சாமியின் பூஜையை வருடா வருடம் கிண்டல் செய்பவள். விஜயதசமியன்று காலையில் அவர் பொரி கொடுக்கப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். கையில் நிழலூர் வில்லை. அது பழைய கல்லாக இருந்தால் ஊர் திறப்பார்கள். ஊர் திறந்தால் இன்னொருத்தியின் புருஷன் கம்பத்தைப் பிடித்தபடி சாக மாட்டான். என்ன தோன்றியதோ, சிமிழைத் திறந்து கட்டைவிரலால் தொட்டு அந்த வில்லையில் ஒரு பொட்டு வைத்தேன். "பழசா இரு. தயவுசெஞ்சு பழசா இரு" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு வெட்கப்பட்டு, பஞ்சால் துடைத்துவிட்டுக் கருவிக்குள் வைத்தேன். நன்றாகத் துடைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

சிமிழ் இப்போதும் பீரோவில் இருந்தது. புதன்கிழமை காலை எடுத்து வந்தேன். நகக்கண் அளவு பொடியைக் கருவிக்குள் வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றேன். அது சொன்ன விகிதமும் வில்லையில் இருந்த அந்நிய ஈயத்தின் விகிதமும் மூன்றாம் தசமம் வரை ஒன்று. ஒரே ஊர் ஈயம்.

வேறு யாருக்கும் தெரியாது. சிமிழைக் குப்பையில் போட்டுவிட்டால் காரணம் கிடைக்கவில்லை என்றாகிவிடும். சான்றிதழ் நிற்கும், என் பெயரும் நிற்கும், சாமியாத்தாள் சுவரில் தயிர் உறைய வைத்துக்கொண்டிருப்பார். நாற்பது நிமிடம் அந்தச் சிமிழை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடமும் நியாயத்தை யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். பாதி நேரம் எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசித்தேன். கடைசியில் அந்தச் சுவரின் சூடு உள்ளங்கையில் இன்னும் இருப்பதுபோல் தோன்றியது, எழுந்துவிட்டேன்.

மதியம் வாரியக் கூட்டத்தில் மேஜை மேல் சிமிழை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து அடக்கினார். செங்கோட்டுவேல் மட்டும் சிமிழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டிக்கிட்டீங்களா மேடம்? பழசா இருக்கணும்னு?"

"ஆமா சார். பலிச்சிருச்சு. குங்குமத்துல ஈயம். ஈயம் ஏறினா வயசும் ஏறும்."

அவர் பேனாவை எடுத்தார். திறப்பு விழா உத்தரவின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதர் அவர், அதற்காக அவரை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

பத்தொன்பது நாளில் ஊரைக் காலி செய்தார்கள். வறண்ட காவிரி மணலில் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகைகள். தண்ணீர் லாரிகள். மேலே வந்த பிள்ளைகள் சூரியனைக் கண்டு கண்ணைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். பங்குனியில் அனல் தொடங்கியது. ஆடி முடிய நானூற்றுப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், கைக்குழந்தைகள். சாமியாத்தாள் சித்திரை பதினேழாம் தேதி, மத்தியானச் சோற்றைப் பரிமாறிவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தவர்.

நான் போயிருந்தேன். கண்ணுச்சாமி என்னைப் பார்த்து, "வாங்க மேடம்" என்று எப்போதும்போல் சொன்னார். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

கையெழுத்துப் போடும் அதிகாரத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். கருவியை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் என்னை மட்டும் விட்டுவைத்தார்கள். ஏழாவது தெருவுக்குப் பின்னால் அதிர்வுமானி ஒன்றைப் பதித்து, அதன் கம்பியை ஆய்வகத்தின் மூலையில் ஒரு பெட்டிக்குக் கொண்டுவந்தோம். தினமும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன். நேர்கோடு. அடுத்த நாளும் நேர்கோடு. விரிசல் தண்ணீரின் சூடு ஒரு டிகிரி ஏறியிருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கொட்டகைகளில் ஆண்கள் பூட்டை உடைத்துக்கொண்டு கீழே போகப் பேசிக்கொள்வதாகச் செய்தி வந்தது. எங்கே அசைந்தது உங்கள் தையல் என்று ஒரு பெண் தண்ணீர்க் குழாயடியில் என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். அவள் இடுப்பில் குடம் இருந்தது. குழந்தை இருந்திருக்க வேண்டிய இடுப்பு என்று பிறகு ஒருவர் சொன்னார்.

ஒருநாள் காலை அந்த நேர்கோட்டைப் பார்த்ததும் "சே" என்று என் வாயிலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தில் நானே திடுக்கிட்டு, கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. ஆய்வகத்துக்குள் குங்குமம், சந்தனம், விபூதி எதுவும் கூடாது என்று நானே பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். கண்ணுச்சாமிக்கு வேலையில் இன்னும் ஒரு மாதமே இருந்தது. அவர் கருவியைத் துடைத்தார், பம்புக்கு எண்ணெய் விட்டார், மாலை எதுவும் போடவில்லை. நான் நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் மூலையில் அதிர்வுமானிப் பெட்டியின் முன் நின்றிருந்தார். கையில் அந்தப் பித்தளைச் சம்படம். அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. பெட்டியின் நெற்றியில், கதவிலோ கருவியிலோ படாமல், பதமாக ஒரு பொட்டு வைத்தார்.

"அண்ணா, கதவுல எழுதியிருக்குதே..."

"இதுல ஈயமில்லீங்க மேடம். நீங்களே மூணு வாட்டி பாத்தீங்க."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

அவர் சம்படத்தை மூடினார். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

"வேறென்னங்க வேண்டறது. சீக்கிரம் விட்டுப்போகட்டும்னுதான். ஊருக்குள்ளதான் இப்ப ஒரு குஞ்சு குருமானும் இல்லீங்களே. விட்டுப்போச்சுன்னா நம்ம செஞ்சது செரின்னு ஆயிருமுங்க. விடலீன்னா எம் பொஞ்சாதி சும்மா செத்தாளாட்ட ஆயிருமில்லீங்க?"

பெட்டியில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. விதிப்படி அந்தப் பொட்டை அப்போதே துடைத்திருக்க வேண்டும், பஞ்சும் ஸ்பிரிட்டும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

நான் துடைக்கவில்லை.